அட்டாலியில் இருந்து இறங்கிய ஏழு சாக்கு

வணக்கமுங்க. இன்றைக்கு ஊர் சுற்றலும் இல்லை, சமையலும் இல்லை. கோபிச்செட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் ஓரத்தில் இருக்கும் எங்கள் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். பின்னால் கேட்கிற சத்தம் பக்கத்துக் களத்தில் மஞ்சள் வேக வைக்கிற சத்தம், கண்டுகொள்ளாதீர்கள். கேமராவைக் கொஞ்சம் கீழே திருப்புகிறேன். தெரிகிறதா? ஏழு சாக்கு. எல்லாமே பழைய பத்திரிகை.

வீட்டுக்கு ஓடு மாற்றுகிறோம். வெள்ளிக்கிழமை ஆள் வருகிறார்கள், அதற்குள் அட்டாலி, அதாவது பரண், காலியாக வேண்டும். அம்மா போன் செய்து, "நீதான் வீடியோ எடுக்கிறேன்னு சும்மா சுத்திட்டிருக்கியே, போய் இறக்கி வை" என்றார். இறக்கி வைத்துவிட்டேன். இரண்டு நாளாகத் தும்மல் நிற்கவில்லை.

அம்மிச்சிக்கு 86 வயது. படித்தது ஐந்தாவது வரைதான். ஆனால் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததில் இருந்து, வாரப் பத்திரிகை வராத வாரங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பால் காசில் மிச்சம் பிடித்து வாங்கியதாகச் சொல்வார். அப்புச்சிக்கு, அதாவது தாத்தாவுக்குத் தெரியாமல் என்பார், ஏழு சாக்கு எப்படி ஒருவருக்குத் தெரியாமல் சேரும் என்று நான் கேட்கவில்லை.

"அம்மிச்சி, இதையெல்லாம் என்ன பண்ணட்டுமுங்க?" என்று கேட்டேன்.

"எடைக்குப் போடு கண்ணு. கதையெல்லாம் எனக்குத் தெரியும். பேப்பரை வெச்சுட்டு என்ன பண்றது?"

சேர்த்தவரே இப்படிச் சொல்லிவிட்டார். எனக்குத்தான் மனசு வரவில்லை. சரி என்று பழைய பேப்பர்காரரைக் கூப்பிட்டேன். மொபெட்டில் வந்தவர் ஒரு சாக்கைத் தூக்கிப் பார்த்தார். "பேப்பர்னா கிலோ 13 ரூவா தாரனுங் அம்மிணி. வழுவழுன்னு இருக்கறது 8 ரூவாதான். செல்லரிச்சது வேண்டாமுங்க." மொத்தமாகக் கணக்குப் போட்டால் ஒரு மாதத்துப் பால் செலவுகூட வராது. அவரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் பிரித்துப் போட ஆரம்பித்தேன்.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஆனந்த விகடன், கல்கி, குமுதம், கலைமகள் என்று பெயர் தெரிந்ததையெல்லாம் தங்கம் மாதிரி ஒரு பக்கம் அடுக்கினேன். பெயர் தெரியாத ஒல்லிப் புத்தகங்கள், மேலட்டை போனவை, பள்ளிக்கூட ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், கரும்பு விவசாயிகளுக்கு ஆலையில் இருந்து வந்த நாலு பக்கத் தாள், இதெல்லாம் எடைக்கு என்று இன்னொரு பக்கம். சாயங்காலம் அதையே தலைகீழாக மாற்றினேன்.

யோசித்துப் பாருங்கள். பெரிய வார இதழ் ஆயிரக்கணக்கில் அச்சாகி ஊர் ஊராகப் போயிருக்கும். எழுபதுகளின் இதழ் ஒன்று உங்களிடம் இல்லையென்றாலும் எங்கேயாவது ஒரு நூலகத்தில் இருக்கும். கோபியில் ஒரு பள்ளிக்கூடம் போட்ட ஆண்டு மலர் மொத்தமே சில நூறு பிரதிதான். அதை யார் வைத்திருக்கப் போகிறார்கள்? ஈரோட்டில் 1925 மே 2 அன்று ‘குடி அரசு’ வெளிவந்தபோது அதுவும் ஈரோட்டுக்காரரான பெரியார் ஈரோட்டில் இருந்து போட்ட பத்திரிகைதான். உள்ளூர்த் தாள்தானே என்று ஒதுக்கிவிட முடியாது.

இதைப் பாருங்கள். கிட்டே காட்டுகிறேன். சின்னதாக, நைந்துபோய், எடைக்குப் போகிற கட்டில் இருந்தது. ‘வானம்பாடி’. 1971ல் கோயம்புத்தூரில் புதுக்கவிதைக்காரர்கள் சேர்ந்து ஆரம்பித்தது. விலையிலாக் கவிமடல், அதாவது காசு வாங்காமல் கொடுத்த இதழ். காசு கொடுத்து வாங்கியதையே நாம் பொரிகடலை மடிக்கக் கொடுத்துவிடுவோம், சும்மா கிடைத்தது எத்தனை மிஞ்சியிருக்கும்? அம்மிச்சியின் தம்பி அப்போது கோவையில் காலேஜ் படித்துக்கொண்டிருந்தார், அவர் கொண்டுவந்து போட்டதாம். அம்மிச்சி இதைப் படித்தாரா என்று கேட்டேன். "அதுல கதையே இல்லியே" என்றார்.

அப்புறம், "நூலகத்துக்குக் கொடுத்துவிடலாமே" என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் மூன்று வருடம் முன்னால் ஒரு கட்டைக் கொண்டுபோய் ஓர் இடத்தில் கொடுத்தேன், இடத்தின் பெயர் வேண்டாம். ஆறு மாதம் கழித்துப் போனால் அதே கட்டு, நான் கட்டிய அதே சணலோடு, வராந்தாவில் மழைச் சாரலில் ஊறிக்கிடந்தது. கோபப்பட்டு என்ன செய்ய, கேட்காமல் கொண்டுபோய் இறக்கியது நான்தானே. அவர்களுக்கு இடமும் இல்லை, ஆளும் இல்லை.

அதனால் இந்தத் தடவை முதல் வேலை பட்டியல். ஒரு நோட்டு போட்டு, பத்திரிகை பெயர், வருடம், மாதம், மலர் எண், இதழ் எண், அட்டை இருக்கிறதா, உள்ளே பக்கம் போயிருக்கிறதா, அவ்வளவும் எழுதுகிறேன். மலர் 12, இதழ் 7, அதாவது பன்னிரண்டாவது தொகுதியின் ஏழாவது இதழ் என்று உள்பக்கத்தில் பொடியாகப் போட்டிருப்பார்களே, அதுதான் முக்கியம். இந்தப் பட்டியலைச் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அனுப்பி, உங்களிடம் இல்லாதது இதில் ஏதாவது உண்டா என்று கேட்கப் போகிறேன். அந்த நூலகமே கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஒரே மனிதர் வீட்டில் சேர்த்ததில் இருந்து வந்ததுதான். 1992ல் அவர் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, 1994ல் சென்னையிலேயே நூலகமாக்கியது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பழைய இதழ்கள் நிறைய இருக்கின்றன, காசு இல்லாமல் படிக்கலாம். அங்கே ஏற்கெனவே இருக்கிறதை வைத்துக்கொண்டு நான் அட்டாலியை அடைக்க வேண்டியதில்லை.

நானே போனில் படம் பிடித்து இணையத்தில் போடலாமா என்றால், யோசித்துத்தான் செய்ய வேண்டும். நம் நாட்டில் எழுத்துக்கான உரிமை, எழுதியவர் இறந்து 60 வருடம் வரை இருக்கும். நாட்டுடைமை ஆனது, அதாவது அரசு எடுத்து எல்லோருக்கும் பொதுவாக்கியது என்றால் வேறு கதை.

பேப்பரைத் தொடும்போது கவனம். பத்திரிகைத் தாள் மரக்கூழில் செய்தது. அதில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுப்பாகும், நாளாக ஆகத் தாள் முறுகிப்போகும். பூச்சி போகட்டும் என்று வெயிலில் காயப் போட்டுவிடாதீர்கள், நான் முதல் நாள் அதைத்தான் செய்தேன். நிழலில், காற்றில் போதும். இதழைத் தைத்த கம்பி துருப்பிடித்திருந்தால் பிடுங்கி இழுக்காமல் பின்பக்கம் கத்தி முனையால் நிமிர்த்தி எடுங்கள். ராமபாணப் பூச்சிக்கு அம்மிச்சி வசம்பும் காய்ந்த வேப்பிலையும் போட்டிருக்கிறார். கறையான் மட்டும் எதற்கும் மசியவில்லை, ஒரு சாக்கில் பாதி மண்தான்.

சரி, இப்போது எனக்குப் பிடித்த சாக்குக்கு வருகிறேன். இது முழுக்க பைண்டிங். வாரா வாரம் தொடர்கதைப் பக்கத்தை மட்டும் உருவி, சேர்த்து, அம்மிச்சியே தைத்தது. கோணி ஊசி, சணல், மைதாப் பசையில் பூச்சிக்காக மயில்துத்தம், அட்டைக்குப் பழைய நாள்காட்டி. பழைய இதழ் சேகரிப்பவர்கள் இதைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அவர்களுக்கு மேலட்டையோடு, விளம்பரத்தோடு முழு இதழ் வேண்டும். 1950ல் இருந்து 54 வரை கல்கியில் ஓவியர் மணியம் வரைந்த படத்தோடு வந்த ‘பொன்னியின் செல்வன்’ முழுசாக இருந்தால் அதன் மவுசே வேறு. கதை எந்தக் கடையிலும் கிடைக்கும், அந்தப் பக்கங்கள் கிடைக்காது. எங்களிடம் அது இல்லை, அம்மிச்சி படிக்க ஆரம்பித்ததே அதற்கு அப்புறம்தான்.

இந்த ஒன்றை விரிக்கிறேன். நடுவில் பாருங்கள், அச்சு நின்று பென்சில் எழுத்து வருகிறது. அந்த வாரம் புத்தகம் கிடைக்கவில்லையாம். பக்கத்துத் தோட்டத்தில் இரவல் வாங்கி, அந்த அத்தியாயத்தை முழுக்கப் பள்ளிக்கூட நோட்டுத் தாளில் பார்த்து எழுதி, அதையும் சேர்த்துத் தைத்திருக்கிறார். பதினொரு பக்கம். "கதாநாயகி அழுதாள்" என்ற இடத்தில் மட்டும் இரண்டு தடவை அழித்து எழுதியிருக்கிறார்.

இதை யாரும் எடைக்குப் போட முடியாது. தனக்கு வேண்டும் என்று அம்மா கேட்கிறார், சித்தி கேட்கிறார், மாமாவும் கேட்கிறார். அம்மிச்சி மட்டும் கேட்கவில்லை என்றுதான் நினைத்தேன். நேற்று ராத்திரி சோறு தின்றுகொண்டே, "அந்த நீல அட்டை புஸ்தகம் இருந்துதா?" என்றார். எடுத்துக் கொடுத்தேன். கண் சரியாகத் தெரியாது, கடைசிப் பக்கத்தை மட்டும் தடவிப் பார்த்தார். அந்தக் கதைக்கு முடிவு இல்லை. கடைசி இரண்டு வாரம் வரும்போது மாமா பிறந்த சமயம், இதழை யாரும் வாங்கவில்லை.

எந்தப் பத்திரிகை என்று அவருக்கு நினைவில்லை. தலைப்பையும் தேதியையும் அட்டை அளவுக்காக நறுக்கிவிட்டார். முன்னால் எட்டுப் பக்கம் கறையான். ஆனால் ஒரு பக்கத்தின் பின்புறம் பாதி விளம்பரம் இருக்கிறது, சோப்போ எண்ணெயோ தெரியவில்லை, விலை மட்டும் ‘ந.பை.’ என்று போட்டிருக்கிறது. நயா பைசா. அந்தப் பெயர் 1957ல் வந்து 1964ல் போய்விட்டது. மாமா பிறந்தது 1961. அப்படியானால் அந்த வருடத்து வார இதழ்களைத்தான் தேட வேண்டும். ஒரு வக்கீல் குமாஸ்தா, ஜோலார்பேட்டை ரயிலில் மாறிப்போன ஒரு பெட்டி, இதுதான் கதை. உங்கள் வீட்டு அட்டாலியில் இருந்தால் சொல்லுங்கள்.

பேப்பர்காரர் காலை பத்து மணிக்கு வருகிறார். அவருக்கு இரண்டரைச் சாக்கு தயார். பட்டியலில் இப்போதுதான் 61வது எண்ணில் இருக்கிறேன்.

முடிவைத் தேடிப் பார்க்கிறேன் என்று அம்மிச்சியிடம் சொன்னேன்.

"அந்தக் குமாஸ்தா செத்துத்தான் போயிருப்பான் கண்ணு," என்றார். "இருந்தாலும் பாரு."