ஒற்றைக் கையா, இரட்டைக் கையா?

நேயர்களுக்கு வணக்கம். ஐப்பசி பிறந்து முதல் அடைமழை கொட்டும் நாளில் மெக்கானிக் ஷெட்டுகளில் கூட்டம் கூடும். வருகிற பழைய கார்களில் பாதிக்கு ஒரே புகார்: வைப்பர் கண்ணாடியைத் துடைக்கவில்லை, சேற்றை இழுத்துப் பூசுகிறது. பத்து மாதம் வெயிலில் கிடந்த ரப்பரிடம் ஒரே இரவில் வேலை கேட்டால் அது வேறு என்ன செய்யும்?

இன்று பேசப்போவது அந்த வைப்பரைப் பற்றித்தான். அதிலும் ஒரு பழைய வழக்கு: முன்கண்ணாடிக்கு ஒரு கை போதுமா, இரண்டு வேண்டுமா? அம்பாசடர், பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மாருதி 800 என்று நாம் பார்த்து வளர்ந்த கார்களில் பெரும்பாலானவை இரட்டைக் கைக் கார்கள். ஒற்றைக் கையும் நம் சாலைகளில் ஓடியிருக்கிறது. 1990களில் வந்த ஃபியட் ஊனோ, 1995 முதல் புனேயில் தயாரான மெர்சிடிஸ் டபிள்யூ 124, பிறகு 2009இல் விற்பனைக்கு வந்த டாடா நானோ. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வருவார்கள்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. கார் ஓட்டிக்கொண்டே கேட்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம். வீட்டில் இருப்பவர்கள் முழங்கையை மேசையில் ஊன்றி, கையை நிமிர்த்தி, இடமும் வலமும் அசையுங்கள். விரல் நுனி வரைவது ஒரு விசிறி. கண்ணாடியோ நீள்சதுரம். நீள்சதுரத்துக்குள் விசிறியை வைத்தால் மேல் மூலைகள் இரண்டும் மிஞ்சும். சரி, கையை நீட்டி மூலையைத் தொடலாமே என்றால், கை நடுவில் நிமிரும்போது கூரையில் இடிக்கும். ஆக, நடுவில் நிற்கும் ஒற்றைக் கையின் நீளத்தைத் தீர்மானிப்பது கண்ணாடியின் உயரம். அகலம் எவ்வளவு இருந்தாலும் அதற்கு உதவாது.

கணக்கில் சொல்கிறேன். கண்ணாடியின் அகலம் உயரத்தைப் போல இரண்டு மடங்கு என்றால், ஒற்றைக் கை அரைவட்டமாகச் சுற்றி, அதிகபட்சம் நூற்றுக்கு 78 பங்கைத் துடைக்கலாம். அதே அகலம் மூன்று மடங்கு ஆனால் நூற்றுக்கு 52தான். அந்தக் காலக் கார்களில் கண்ணாடி குள்ளமாகவும் அகலமாகவும் இருக்கும். அதனால்தான் அவற்றுக்கு இரண்டு கை. 1961இல் வந்த ஜாகுவார் ஈ-டைப்பின் கண்ணாடி ரொம்பவே குள்ளம், அதற்கு மூன்று கை! நானோவைப் பாருங்கள். குறுகிய உடம்பு, உயர்ந்த கண்ணாடி. அதற்கு ஒன்று போதும். நானோவில் ஒரு வைப்பர் இருப்பது காசு மிச்சம் பிடிக்கத்தான் என்று கேலி பேசுவார்கள். காசு மிச்சம் என்பது உண்மைதான், ஆனால் அந்தக் கண்ணாடியின் வடிவம் இடம் கொடுத்ததால்தான் மிச்சம் பிடிக்க முடிந்தது. அம்பாசடரில் அதைச் செய்திருந்தால் ஓட்டுநர் பக்கத்து மூலை முழுக்க மழையாகவே இருந்திருக்கும்.

வரலாற்றில் முதலில் வந்ததும் ஒற்றைக் கைதான். அமெரிக்காவில் அலபாமா மாநிலம், பர்மிங்ஹாம் ஊரைச் சேர்ந்த மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி 1903இல் காப்புரிமை வாங்கினார். பனிக்காலத்தில் நியூயார்க்கில் டிராமில் போனபோது, கண்ணாடி மூடிப்போனதால் டிரைவர் பட்ட பாட்டைப் பார்த்துப் பிறந்த யோசனை. உள்ளே ஒரு நெம்புகோல், வெளியே ரப்பர் வைத்த கை. டிரைவர் கையால் இழுக்க வேண்டும். ஒரு கனடா நிறுவனத்திடம் கொண்டுபோனார். வியாபார மதிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு உலகமே வைப்பர் பூட்டியது, அவருக்கு ஒரு காசு வரவில்லை.

அதற்குப் பிறகு வந்த வேடிக்கையைச் சொல்லாமல் நகர முடியாது. அதுதான் வேக்குவம் வைப்பர். 1920களில் தொடங்கி அமெரிக்கக் கார்களில் பல பத்தாண்டுகள் இதுதான் ஆட்சி செய்தது. மின்மோட்டார் கிடையாது. இன்ஜின் காற்றை உறிஞ்சுகிறது அல்லவா, அந்த உறிஞ்சும் விசையை ஒரு ரப்பர்க் குழாய் வழியாகக் கொண்டுவந்து வைப்பரை ஆட்டுவார்கள். மலிவு, எளிமை. ஒரே ஒரு குறை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் உறிஞ்சும் விசை விழுந்துவிடும். அதாவது, கார் சும்மா நிற்கும்போது வைப்பர் பறக்கும். கொட்டும் மழையில் மேடேறும்போதோ லாரியை முந்தும்போதோ அப்படியே உறைந்து நிற்கும். கண் தெரிய வேண்டுமானால் காலை எடுக்க வேண்டும், காலை எடுத்தால் மேடு ஏறாது! இதைச் சரிக்கட்ட பெட்ரோல் பம்ப்போடு இன்னொரு உறிஞ்சும் அறையை ஒட்டவைத்தார்கள். ஓரளவு சமாளித்தது. அப்படியும் அமெரிக்கன் மோட்டார்ஸ் நிறுவனம் 1970களின் தொடக்கம் வரை இதை விடவில்லை. யாராவது பழைய அமெரிக்கக் கார் வாங்கி, வைப்பர் மெதுவாக ஆடுகிறது என்றால், உறிஞ்சும் விசையில் ஓடும் வேக்குவம் மோட்டாரைப் பிரிக்கும் முன் அந்த ரப்பர்க் குழாயைப் பாருங்கள். வெடிப்பு விட்டிருக்கும். எட்டணா விலையுள்ள குழாய்க்காக மோட்டாரைக் குற்றம் சொல்வது வழக்கமாகிவிட்டது.

மின்மோட்டாருக்கு வருவோம். இரட்டைக் கையை ஆட்ட இரண்டு வழி. ஒன்று லிங்க். மோட்டார் சுற்றும், கம்பிகள் தள்ளும், இழுக்கும், கைகள் ஆடும். மாருதி 800இல் இதுதான். இன்னொன்று பிரிட்டிஷ் வழி. ஹெரால்டில் அதுதான். நம் வண்டலூர்ப் பக்கம் தயாரான கார் அது. மோட்டார் ஒரு மூலையில் இருக்கும். அதிலிருந்து ஒரு குழாய்க்குள் சுருள் சுற்றிய கேபிள் போகும். மோட்டார் அந்தக் கேபிளை முன்னும் பின்னும் இழுக்கும். ஒவ்வொரு கைக்கும் கீழே ஒரு சின்னப் பெட்டி, அதற்குள் கேபிளின் சுருளைக் கவ்வி ஆடும் பல்சக்கரம். கடைக்காரர்கள் அதை வீல் பாக்ஸ் என்பார்கள்.

இந்த வீல் பாக்ஸில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கை ஆடுவது அரைவட்டத்துக்கும் குறைவு. ஆகவே பல்சக்கரத்தில் பாதிப் பற்கள்தான் வேலை செய்கின்றன, அவைதான் தேய்கின்றன. மறுபாதி புத்தம்புதிதாக இருக்கும். கை தளர்ந்து ஆடினால் புது வீல் பாக்ஸ் தேடி அலைய வேண்டாம். சக்கரத்தை அரைச்சுற்றுத் திருப்பிப் பூட்டினால் இன்னொரு ஆயுள். வைப்பர் மெதுவாக ஆடினால் கைகளைக் கழற்றிவிட்டு, மோட்டாரிலிருந்து கேபிளை விடுவித்து, மீன் தராசு போன்ற கொக்கித் தராசை மாட்டி இழுத்துப் பாருங்கள். 2.7 கிலோவுக்குள் கேபிள் நகர வேண்டும். அதற்கு மேல் கேட்டால் குழாய்க்குள் கிரீஸ் காய்ந்து பிசினாகியிருக்கிறது. மோட்டார்மேல் பழி இல்லை. கேபிளை உருவி, பழைய கிரீஸைத் துடைத்து, புதுசு தடவுங்கள்.

லிங்க் வகையில் கெடுவது கம்பிகளின் மூட்டில் இருக்கும் பிளாஸ்டிக் புஷ். வைப்பரை நடுவழியில் நிறுத்தி, பிளேடு நுனியைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். இரண்டு விரல் அகலத்துக்கு மேல் ஆடினால் புஷ் போய்விட்டது. அப்படியே ஓட்டினால் வேகமாக வைக்கும்போது பிளேடு ஓரத்துத் தூணில் போய் அடிக்கும், இரட்டைக் கையில் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளவும் செய்யும். புஷ் கழன்று விழுந்தால் கட்டுக்கம்பி போட்டு வீடு வந்து சேரலாம். ஆனால் மறுநாள் மாற்றிவிடுங்கள்.

இப்போது ஒற்றைக் கை. இதில் கம்பி குறைவு, புஷ் குறைவு, உடையக்கூடிய இடம் குறைவு. மோட்டாருக்குப் பளு கூடும் என்று நினைப்பார்கள். கண்ணாடியை அழுத்தும் எடையை மட்டும் பார்த்தால் அப்படி இல்லை. பிளேடு நீளத்தில் ஒரு சென்டிமீட்டருக்குச் சுமார் 15 கிராம் அழுத்தம் என்று வையுங்கள். 60 சென்டிமீட்டர் ஒற்றைப் பிளேடுக்கு 900 கிராம். 40 சென்டிமீட்டர் பிளேடு இரண்டுக்கு 1200 கிராம். உரசலில் ஒற்றைக்குத்தான் சலுகை.

பிரச்சினை வேறிடத்தில். நீளமான கை அதிக தூரம் வீச வேண்டும். மையத்திலிருந்து நுனிவரை 70 சென்டிமீட்டர், வீச்சு 110 டிகிரி, நிமிடத்துக்கு 45 முறை போய்வருகிறது என்றால், ஒரு மணி நேர மழையில் நுனி ஓடும் தூரம் 7 கிலோமீட்டருக்கு மேல்! இரட்டைக் கையின் குட்டைப் பிளேடு அதே ஒரு மணி நேரத்தில் ஓடுவது ஏறக்குறைய 5 கிலோமீட்டர். ஆகவே ஒற்றைக் கையில் நுனி ரப்பர்தான் முதலில் போகும். நடு ரப்பர் நன்றாக இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். அடுத்தது, நீளமான கை ஒவ்வொரு கோடியிலும் நின்று திரும்பும்போது அடிப்பகுதியில் பெரிய உதை. கையைப் பிடித்திருக்கும் நட்டு தளரும், கை பூட்டியிருக்கும் தண்டின் பல் வரிகள் மழுங்கும். மோட்டார் சத்தம் கேட்கிறது, கை அசையவில்லை என்றால் முதலில் நட்டைப் பாருங்கள்.

ஒற்றைக் கையின் மூலைச் சிக்கலுக்கு மெர்சிடிஸ் கண்ட வழி இருக்கிறதே, அதைப்பற்றி மணிக்கணக்கில் பேசலாம். மறுபடி முழங்கையை ஊன்றுங்கள். கை மூலைப்பக்கம் சாயும்போது நீட்டுங்கள். நடுவுக்கு வரும்போது உள்ளிழுங்கள். மறு மூலைக்குப் போகும்போது மறுபடி நீட்டுங்கள். டபிள்யூ 124இன் வைப்பர் செய்வது இதைத்தான். கையின் அடியில் உள்ள பல்சக்கரப் பெட்டி, கை சுழலும்போதே அதை நீட்டி மடக்குகிறது. கண்ணாடியில் 86 சதவீதம் துடைபடும். சாதாரண இரட்டைக் கை பல கார்களில் எட்டாத பரப்பு. அழகான வேலைப்பாடு. ஆனால் அந்தப் பெட்டிக்குள் கிரீஸ் காய்ந்தால் எல்லாம் போச்சு. கை இழுத்து இழுத்து ஆடும், கிறீச்சிடும், மழை நாளில் மோட்டார் திணறும். சிலர் மோட்டாரையே மாற்றுகிறார்கள். மோட்டார் அப்பாவி. பெட்டியைத் திறந்து துடைத்துப் புது கிரீஸ் வைத்தால் பாதி வழக்குகள் அங்கேயே தீரும். இந்தக் கையை வெளியிலிருந்து பிடித்துத் தள்ளவும் கூடாது. கழுவும் பையன்கள் இதைத்தான் செய்வார்கள்.

ஊனோவுக்கு இந்த நீட்டும் வித்தை கிடையாது. ஒற்றைக் கை, நேர் விசிறி, அவ்வளவுதான்.

இரட்டைக் கைக்கு ஒரு பெரிய வசதியைச் சொல்ல மறந்துவிட்டேன். ஓட்டுநர் பக்கத்துப் பிளேடு வழியில் கிழிந்துபோனால், இரண்டும் ஒரே நீளமான கார்களில் இடப்பக்கத்துப் பிளேடைக் கழற்றி வலப்பக்கம் மாட்டிக்கொண்டு போய்விடலாம். நானோக்காரருக்கு அந்த வழியில்லை, டிக்கியில் ஒரு பிளேடு வைத்திருக்க வேண்டும். பீடித்தூளைக் கண்ணாடியில் தேய்க்கும் பழைய டிரைவர் வைத்தியம் ஐந்து பத்து நிமிடம்தான் தாங்கும்.

நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். பழைய கார் வாங்கும்போது பார்க்க வேண்டியவை என்று ஒரு பகுதி வைத்திருந்தேன். வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடியை நனைத்துவிட்டு வைப்பரைப் போடுங்கள், உலர்ந்த கண்ணாடியில் போடாதீர்கள். ஒரு பக்கம் போகும்போது சுத்தமாகவும் திரும்பும்போது கடகடவென்றும் இருந்தால் ரப்பர் சாய்ந்த பக்கமே இறுகிவிட்டது அல்லது கை முறுக்கியிருக்கிறது. ரப்பரை மாற்றியும் கடகடத்தால் பிளேடைக் கழற்றி, கை நுனி கண்ணாடிக்கு இணையாக இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் இடுக்கியால் மெல்லத் திருகுங்கள். மோட்டார் ஓடும்போது அதன் இணைப்பில் 11 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் எர்த் கம்பியைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். கையைத் திரும்பப் பூட்டும் முன் மோட்டாரை ஒருமுறை ஓடவிட்டு, சுவிட்சால் நிறுத்தி, அது தன் இடத்தில் வந்து நின்ற பிறகுதான் பூட்ட வேண்டும். வெயிலில் கையைத் தூக்கி நிறுத்துகிறவர்கள், யாராவது தட்டிவிட்டால் ஸ்பிரிங் வேகத்தில் கண்ணாடி விரியும் என்பதை… சரி, சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. வணக்கம்.