ஆணி பிடுங்குமுன் அளந்து வையுங்கள்

(எங்கள் ஊர் வாசிகசாலையின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, பிரதம விருந்தினராக வந்திருக்கும் ஓய்வுநிலை அதிபர் அவர்களே, காலையிலிருந்து எங்களோடு இருக்கும் கிராம அலுவலர் அவர்களே, ஆசியுரை வழங்கிய குருக்கள் ஐயா அவர்களே, மாதர் சங்கத்துத் தாய்மாரே, வெயிலில் பந்தல் போட்ட தம்பிமாரே, எல்லோருக்கும் வணக்கம். அதிபர் அவர்களிடம் நான் ஏழாம் வகுப்பில் கேத்திரகணிதம் படித்தவன். அவர் முன்னால் அளவைப் பற்றிப் பேசுவதற்கு முதலில் அவரிடமே அனுமதி கேட்டுக்கொள்கிறேன். எனக்குப் போர்த்திய பொன்னாடையை வாசிகசாலைக்கே திருப்பித் தருகிறேன். அதை விற்று இரண்டு அளவு நாடா வாங்குங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

"கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?" என்று என் அப்பப்பா அடிக்கடி கேட்பார். இன்றைய பேச்சுக்கு அதுதான் அடி. வீடு, தளபாடம், வரைபடம் என்று மூன்று விடயங்களைச் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் வீடு. ஜெஃப்ரி பாவாவை உங்களுக்குத் தெரியும். 1919இல் பிறந்து, முதலில் சட்டம் படித்து, 38 வயதில் கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்றவர். ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டையில் 1982இல் திறந்த பாராளுமன்றம் அவர் வரைந்தது. அவருடைய நிறுவனத்தில் நீண்ட காலம் பங்காளியாக இருந்தவர் ஒரு தமிழ்ப் பொறியியலாளர், கலாநிதி பூலோகசுந்தரம். பிள்ளைகள் அந்தப் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பற்றிக் (batik) துணிக் கலைஞர் ஏனா டி சில்வாவுக்காகப் பாவா 1960க்கும் 62க்கும் இடையில் கொழும்பு அல்பிரட் பிளேஸில் ஒரு வீடு கட்டினார். அந்தக் காலத்துக் கொழும்பில் வசதியான வீடு என்றால் காணியின் நடுவில் பங்களா இருக்கும், சுற்றிவரப் புல் இருக்கும். பாவா வீட்டை மதில் வரைக்கும் தள்ளிவிட்டு, வெளியை உள்ளுக்கு எடுத்தார். நடுவில் ஒரு பெரிய முற்றம், அதைச் சுற்றி விறாந்தை, ஓட்டுக் கூரை. உங்களில் பலர் தலையாட்டுவது தெரிகிறது. ஓம், எங்கள் நாற்சார் வீடுதான் உங்கள் நினைவுக்கு வருகிறது. பாவா பழைய சிங்கள வளவு வீடுகளைப் பார்த்து எடுத்தார். இரண்டும் ஒரே வெயிலுக்கும் ஒரே மழைக்கும் பிறந்த வீடுகள்.

2009ஆம் ஆண்டளவில் அந்தக் காணி கைமாறியது. வீடு இடிபட வேண்டிய நிலை. பாவா காலமாகி ஆறு வருடம் ஆகியிருந்தது. அவருடைய அறக்கட்டளையைச் சேர்ந்தவர்கள் என்ன செய்தார்கள்? முதலில் அளந்தார்கள், வரைந்தார்கள், படம் எடுத்தார்கள். பிறகு துண்டு துண்டாகக் கழற்றி இலக்கம் போட்டார்கள். பாவா 1948இல் வாங்கித் தோட்டமாக்கிய லுனுகங்க, பெந்தோட்டைப் பக்கம் இருக்கிறது. அங்கே கொண்டுபோய் மீண்டும் பூட்டினார்கள். 2016இல் திறந்தார்கள். இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம்.

இரண்டாவது, தளபாடம். பாவா கட்டடத்தோடு கதிரையையும் மேசையையும் சேர்த்தே வரைந்தவர். இப்போது பெங்களூரில் ஃபாண்டம் ஹாண்ட்ஸ் என்ற பட்டறை, பாவா அறக்கட்டளையோடு சேர்ந்து, அவருடைய கதிரைகளை மீண்டும் செய்கிறது. ஒரு கதிரையை மீண்டும் செய்வது இலேசான காரியம் இல்லை. அதை நான் பட்டு அறிந்தவன்.

1995 ஒக்டோபரில் போரால் யாழ்ப்பாணத்தை விட்டு நாங்கள் எல்லோரும் வெளிக்கிட்டோம். திரும்பி வந்தபோது எங்கள் வீட்டில் கூரை இல்லை, நிலை இல்லை, யன்னல் இல்லை. விறாந்தைச் சுவர் ஒன்று நின்றது. அப்பப்பாவின் சாய்மனைக் கதிரை போய்விட்டது. அதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். கையில் இருந்தது மாமியின் கலியாணப் படம் ஒன்றுதான். அப்பப்பா கதிரையில் இருக்கிறார், பக்கத்தில் தரையில் ஒரு செம்பு. தச்சர் படத்தைப் பார்த்தார். "தம்பி, இந்தச் செம்பு இருக்கோ?" என்றார். இருந்தது, இடம்பெயர்ந்தபோது அம்மா தண்ணீரோடு தூக்கிக்கொண்டு போன செம்பு. அளந்தோம். ஏழேகால் அங்குலம். அதை வைத்துப் படத்தில் கதிரையின் அகலம், இருக்கையின் உயரம் எல்லாம் கணக்குப் பார்த்தார்.

ஆனால் படம் முன்னாலிருந்து எடுத்தது. சாய்வு தெரியாது. இரண்டு முறை செய்தார், இரண்டு முறையும் இருக்க முடியவில்லை. ஒன்று நிமிர்த்தியது, மற்றது கவிழ்க்கப் பார்த்தது. மூன்றாம் நாள் தச்சர் வீட்டுக்கே வந்து, விறாந்தைச் சீமெந்தில் குந்தியிருந்து கையால் தடவினார். நாலு குழி. நாற்பது வருடம் கதிரைக் கால் ஊன்றிய குழி. நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். சுண்ணாம்புச் சாந்தில் தலைச்சட்டம் உரசிய கோடு, ஒரு சாண் நீளத்துக்கு. குழியிலிருந்து கோட்டுக்கு நூல் பிடித்தார். "இதுதான் உங்கட அப்பப்பாவின்ர சாய்வு" என்றார்.

கதிரை வந்தது. மாமியைக் கூட்டி வந்து இருத்தினேன். சாய்ந்தார், கண்ணை மூடினார். வலது கைச்சட்டத்தை விரலால் தேடினார். "ஐயா பாக்கு வெட்டின தழும்பு இல்லையே, மோனை" என்றார். நானும் தச்சரும் ஒன்றும் பேசவில்லை.

சபையோரே, அந்தக் கதிரையை ஒரு மாலை நேரம் யாராவது அளந்து கொப்பியில் எழுதியிருந்தால் இரண்டு கதிரை முதிரை மரம் வீணாகியிருக்காது. கண் கெட்ட பிறகுதான் நான் கும்பிட்டேன். இன்றைக்கு எங்கள் ஊரில் போர் இல்லை, ஆனால் நாற்சார் வீடுகள் போய்க்கொண்டே இருக்கின்றன. பங்கு பிரிக்க முடியவில்லை, பிள்ளைகள் வெளிநாட்டில், ஓடு மாற்றக் காசில்லை. இடிக்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தூணும் கதவும் லொறியில் ஏறுகின்றன. ஏறட்டும், ஆனால் அதற்கு முதல் ஒரு நாள் எங்களுக்குத் தாருங்கள். முற்றத்தின் நீளம் அகலம், தூணின் சுற்றளவு, நிலையின் உயரம், பீலி எந்தப் பக்கம் தண்ணீர் விடுகிறது என்று அளந்து எழுதிவிடுகிறோம். 1981இல் எரிந்த எங்கள் யாழ்ப்பாண நூலகத்தின் கட்டடத்தை மீண்டும் எழுப்ப முடிந்தது. படி எடுத்து வைக்காத ஏடுகளை எழுப்ப முடியவில்லை.

மூன்றாவதாக வரைபடம் பற்றிச் சொல்ல இருந்தேன். பாவாவின் அலுவலகத்து வரைபடங்களில் ஓவியர் லக்கி சேனாநாயக்க போன்றவர்கள் காணியில் நிற்கும் மரங்களையும் இலை இலையாக வரைந்திருப்பார்கள். தலைவர் மணியைத் தொட்டுவிட்டார். சிறுவர்களின் நாட்டியம் காத்திருக்கிறது.

ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு இறங்குகிறேன். கோயில் வடக்கு வீதியில் இருக்கும் பழைய நாற்சார் வீட்டை அடுத்த மாதம் கழற்றப்போகிறார்கள். வீட்டுக்காரரிடம் பேசிவிட்டேன், அவர் சம்மதம். வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு வாசிகசாலை முன்றலில் கூடுவோம். கட்டக் கொப்பி, பென்சில், வீட்டில் இருந்தால் ஏணி ஒன்று கொண்டு வாருங்கள். நாடா என்னிடம் ஒன்று இருக்கிறது.