பிடிபடாதவர்களுக்கு என்ன ஆனது?

வணக்கம். பாகுபாடு உடம்பை என்ன செய்யும், அதுவும் அமெரிக்காவில் லத்தீனோ மக்களை, அதாவது மெக்சிகோ, குவாதமாலா போன்ற லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்களையும் அவர்கள் வழியினரையும், என்ன செய்கிறது என்று பேசச் சொன்னார்கள். கடல் மாதிரி விஷயம், கிடைத்திருப்பதோ சில நிமிஷம். அதனால் ஒரே ஒரு ஊரைப் பிடித்துக்கொள்கிறேன்.

அயோவா மாநிலத்தில் போஸ்ட்வில் என்று ஒரு சின்ன ஊர், சுற்றிலும் சோளக்காடு. அந்த ஊருக்குச் சோறு போட்டது ஒரு இறைச்சி ஆலை. மாடு அறுப்பது, கோழி உரிப்பது எல்லாம் பெரும்பாலும் குவாதமாலா, மெக்சிகோ பக்கமிருந்து வந்தவர்கள்தான். 2008 மே 12, திங்கட்கிழமை காலை, மேலே ஹெலிகாப்டர் வட்டமடிக்க, குடியேற்ற அதிகாரிகள் நூற்றுக்கணக்கில் வந்து இறங்கி, உரிய ஆவணம் இல்லாதவர்கள் என்று 389 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கே அடைத்தார்கள் தெரியுமா? வாட்டர்லூ நகரத்தில் கால்நடைக் கண்காட்சி நடத்துகிற மைதானத்தில். அங்கேயே கோர்ட்டும் போட்டு, சங்கிலி மாட்டி, பத்துப் பத்துப் பேராக நிறுத்தி விசாரித்தார்கள். மிச்சமிருந்த குடும்பங்கள் ஊர்த் தேவாலயத்துக்குள் போய் ஒண்டிக்கொண்டன.

இதுவரைக்கும் செய்தித்தாளில் வந்ததுதான். அப்புறம் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

சில வருஷம் கழித்து ஆய்வாளர்கள் சிலர் அயோவா முழுவதிலும் பதிவான பிறப்புக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். அந்த அதிரடிச் சோதனை நடந்து 37 வாரத்துக்குள் லத்தீனோ தாய்மாருக்குப் பிறந்த குழந்தைகளையும், அதற்கு முந்தின வருஷம் அதே காலத்தில் பிறந்தவர்களையும் ஒப்பிட்டால், இரண்டரை கிலோவுக்குக் கீழே பிறக்கும் அபாயம் 24 சதவீதம் கூடியிருந்தது. வெள்ளைக்காரத் தாய்மாரிடம் அப்படி ஒரு ஏற்றமே இல்லை. போஸ்ட்வில்லில் மட்டும் என்றால் புரிந்துகொள்ளலாம். இது மாநிலம் பூராவும். அதிலும் என்னை உலுக்கியது, அமெரிக்காவிலேயே பிறந்த, கையில் குடியுரிமை உள்ள, யாராலும் நாடு கடத்த முடியாத லத்தீனோ பெண்களிடமும் இது தெரிந்ததுதான். அவர்கள் வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை. நம் பக்கம் 'பயத்திலேயே பாதி உயிர் போச்சு' என்போமே, அது வெறும் பேச்சு இல்லை போலிருக்கிறது.

உடம்புக்குள் நடப்பது இதுதான். ஆபத்து என்று மூளைக்குப் பட்டால் அட்ரினலினும் கார்டிசாலும் சுரக்கும், நெஞ்சு படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். நாய் துரத்தினால் ஓடித் தப்பிக்க அது வேண்டும்தான். ஆனால் நாய் எந்தச் சந்திலிருந்து வரும் என்று தெரியாமல் தினமும் தெருவில் நடக்கிறவருக்கு அந்தச் சுரப்பு சரியாக அடங்குவதே இல்லை. தூக்கம் கெடும், சர்க்கரை கூடும், ரத்தக் குழாய் தேயும். அந்தப் போஸ்ட்வில் ஆய்வில் இருந்த ஆர்லீன் ஜெரோனிமஸ் என்ற அம்மையார், வெயிலிலும் மழையிலும் கிடந்த மரம் உளுத்துப்போவதைப் போல இந்த உடம்புகள் வயதுக்கு முன்னாலேயே தேய்கின்றன என்று கறுப்பினப் பெண்களைப் பற்றி 1990களிலிருந்தே சொல்லிக்கொண்டு வருகிறவர்.

கலிபோர்னியாவில் ஒரு சின்னப் பரிசோதனை நடந்தது. லத்தீனோ கல்லூரிப் பெண்களிடம், நீங்கள் ஒரு வெள்ளைக்காரப் பெண் முன்னால் பேச வேண்டும் என்றார்கள். அவளுக்கு உங்கள் இனம் ஆகாது என்று சிலர் நம்பும்படி செய்தார்கள், சிலருக்கு அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்று. முதல் கூட்டத்துக்கு வாயைத் திறக்கும் முன்பே கலக்கம் கூடிவிட்டது, ரத்த அழுத்தமும் மற்றவர்களைவிட எகிறியது.

சரி, அப்படியென்றால் லத்தீனோக்கள் சீக்கிரம் சாக வேண்டுமே என்று கேட்பீர்கள். 2019இல் அமெரிக்காவில் அவர்களின் சராசரி ஆயுள் 81.9, வெள்ளையர்களுக்கு 78.8. உண்மைதான், நானும் இதில் ரொம்ப நாள் குழம்பியிருக்கிறேன். வந்து சேருகிறவர்கள் பெரும்பாலும் திடகாத்திரமானவர்கள், புகைப்பதும் குறைவு. ஆனால் அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த தலைமுறையில் இந்த லாபம் கரைகிறது. அப்புறம் கொரோனா வந்தது. இறைச்சி ஆலை, வயல், சமையலறை என்று வீட்டிலிருந்து செய்ய முடியாத வேலையில் இருந்தவர்கள் இவர்களில் நிறையப் பேர். 2020இல் லத்தீனோக்களின் சராசரி ஆயுள் 77.9க்கு இறங்கிவிட்டது. ஒரே வருஷத்தில் நாலு வயசு!

இன்னொன்று. அரசு மருத்துவக் காப்பீடோ உணவு உதவியோ வாங்கினால் கிரீன் கார்டு கிடைக்காமல் போகலாம் என்று 2019இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். பிள்ளைகள் வாங்கினால் அது கணக்கில் சேராது, விதியிலேயே அப்படித்தான் இருந்தது. இருந்தும் எதற்கு வம்பு என்று, அமெரிக்கக் குடிமக்களான தங்கள் பிள்ளைகளின் பெயரைக்கூட அந்த உதவிகளிலிருந்து பெற்றோர் எடுத்துவிட்டார்கள். 2021 மார்ச்சில் அந்த விதி போய்விட்டது. அப்புறமும் படிவத்தை நீட்டினால், வேண்டாம், எங்களுக்கு ஒன்றும் வேண்டாம் என்று எழுந்து போனவர்கள் இருந்தார்கள்.

நேரம் முடிந்துவிட்டது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கை காட்டுகிறார்கள். வணக்கம்.