முழங்கையில் தொடங்கும் மேசை

நேயர்களுக்கு வணக்கம். வன்னியில் வீடு கட்டுவதற்கான படம் கீறிப் பிழைப்பவன் என்ற முறையில், வீட்டிலிருந்தபடியே வேலை செய்பவர்களுக்கு வீடும் தளபாடமும் எவ்வாறு அமைய வேண்டும் என்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதும், 2022இல் எரிபொருளுக்காக வரிசையில் நின்ற மாதங்களிலும், கந்தோருக்குப் போக வழியில்லாதவர்கள் சாப்பாட்டு மேசையிலும் கட்டில் விளிம்பிலும் இருந்து வேலை செய்யப் பழகினார்கள். அந்தப் பழக்கம் பலரிடம் நிலைத்துவிட்டது. ஆனால், நம்மிடம் உள்ள வீடுகள் அதற்காகக் கட்டப்பட்டவை அல்ல. போருக்குப் பின் இந்திய அரசின் உதவியோடு வந்த வீட்டுத்திட்டத்தில் எழுந்த வீட்டின் பரப்பு ஏறத்தாழ 550 சதுர அடி. அதற்குள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக வாழும் குடும்பத்திடம் தனியாக ஓர் அலுவலக அறை கட்டுங்கள் என்று சொல்வது வீண்பேச்சு. அறையைத் தேடுவதை விட்டு, வெளிச்சமும் காற்றும் உள்ள ஒரு மூலையைத் தேடுவதே நல்லது.

இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். எனக்கென்று ஒரு வேலை அறையை, காணியில் இடம் இருந்த ஒரே காரணத்துக்காக, வீட்டின் மேற்குப் பக்கத்தில் சீமெந்துக் கல்லால் கட்டினேன். பிற்பகல் வெயிலைக் குடித்த அந்தச் சுவர், இரவு எட்டு மணி வரைக்கும் சூட்டை உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. இப்போது அங்கே நெல்மூட்டைதான் இருக்கிறது.

கிளிநொச்சிப் பக்கத்தில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஓகஸ்ட் மாதக் கடைசியிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். ஆகவே நடுப்பகல் வெப்பம் கூரை வழியாகவும், காலை மாலை வெப்பம் கிழக்கு மேற்குச் சுவர்கள் வழியாகவும் வருகிறது. வடக்கு யன்னலோரம்தான் மேசைக்கு ஏற்ற இடம். இடையிலுள்ள மாதங்களில் நண்பகற் சூரியன் சற்று வடக்கே சாய்ந்தாலும், இரண்டரை அடித் தாழ்வாரம் அதை மறித்துவிடும். யன்னல் உங்கள் பக்கவாட்டில் இருக்கட்டும்; முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் வெளிச்சம் தெறித்துக் கண்ணைக் கூசும்.

வெளிச்சத்துக்கு அடுத்தது ஓசை. ஐப்பசி, கார்த்திகை மழை தகரக் கூரையில் விழும்போது, தொலைபேசியில் பேசுபவர் வாயசைப்பதை மட்டும்தான் வீட்டார் காண்பார்கள். ஓட்டுக்கூரை அவ்வளவு இரையாது. குரங்குகள் ஓட்டைக் கிளப்பும் ஊர்களில் அதற்கும் நிம்மதி இல்லை என்பது வேறு கதை. நம் முன்னோர் முற்றத்தில் போட்ட மால் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. அரைச்சுவரும் கிடுகுக் கூரையும் கொண்ட அந்தக் கொட்டிலில் வந்தவர்களோடு பேசினார்கள், ஊர் அலுவல் பார்த்தார்கள். வீட்டின் சந்தடி அங்கே எட்டவில்லை. வேம்பு நிழலில் பத்தடிக்கு எட்டடியில் அப்படியொரு மால் போட்டு, பாதுகாப்பான மின் இணைப்பும் எடுத்தால், கிடுகு வெயிலையும் தாங்கும், மழையோசையையும் அடக்கும். கிடுகை மட்டும் காலத்துக்குக் காலம் மாற்றி வேய வேண்டும். இலண்டன் நேரத்துக்கு இரவில் வேலை செய்பவர்கள் திறந்த பக்கங்களுக்கு வலை அடிக்காவிட்டால், முதல் மழைக்குப் புறப்படும் ஈசல் முழுவதும் கணினித் திரையில்தான் வந்து மொய்க்கும்.

இனி மேசைக்கும் கதிரைக்கும் வருகிறேன். பரந்தன் பக்கத்தில் கணக்கு வேலை செய்யும் தங்கச்சி ஒருவர், முதிரை மரத்தில் புதிதாகச் செய்த மேசையில் இருந்து வேலை செய்யத் தொடங்கியதிலிருந்து தோள் கடுக்கிறது என்றார். அளவு நாடாவை எடுத்துப் பார்த்தோம். கதிரையின் இருக்கை நிலத்திலிருந்து 17 அங்குலம். கையைத் தளரவிட்டு மடக்கினால், அவருடைய முழங்கை இருக்கைக்கு மேல் 9 அங்குலத்தில் நின்றது. அவர் தட்டெழுத வேண்டிய உயரம் 26 அங்குலம். மேசையோ வழக்கம்போல 30 அங்குலம். அந்த நான்கு அங்குலத்துக்காக அவர் நாள் முழுவதும் தோளை உயர்த்தியபடியே இருந்திருக்கிறார்.

காலை அறுக்கலாம் என்றால், மேசைப் பலகையின் கீழே இருந்த லாச்சி, அதாவது இழுப்பறை, தொடையில் இடிக்கும். கதிரையை உயர்த்திக் காலுக்குக் கீழே பலகை வைக்கலாம்தான். ஆனால் அது உயர்த்த முடியாத பிளாஸ்டிக் கதிரை. லாச்சியைக் கழற்றுவோம் என்றபோது தச்சு வேலை செய்யும் அண்ணைக்கு மனம் வரவில்லை. லாச்சி இல்லாத மேசையும் ஒரு மேசையா என்று கேட்டார். பிறகு அவரே கழற்றினார், கீழ்ச்சட்டத்தைச் சீவி மெல்லிதாக்கினார், நான்கு கால்களிலும் நான்கு அங்குலம் அறுத்தார்.

தோள் இறங்கியது, ஆனால் மடிக்கணினியும் கூடவே இறங்கியதால் கழுத்துக் குனிந்தது. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வர வேண்டுமானால், தனி விசைப்பலகை ஒன்றை வாங்கிக்கொண்டு கணினியை உயரத்தில் ஏற்றத்தான் வேண்டும். எதன்மேல் ஏற்றுவது என்று நான் சுற்றிப் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணை ஒன்றும் பேசாமல், கழற்றி வைத்திருந்த லாச்சியை மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.