படத்தாள் வாங்குமுன் ஓரத்தைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆஸ்டெரிக்ஸ், டின்டின், லக்கி லூக் மூவரும் காமிக்ஸில் பிறந்து திரைக்குப் போனவர்கள். லக்கி லூக் சிவகாசி லயன் காமிக்ஸ் வழியே நம்மிடமும் தமிழ் பேசியவர். இந்தப் பழைய கார்ட்டூன் படங்களுக்காக வரைந்த மூலத்தாள்களை எப்படிப் பார்த்து வாங்குவது?

ஆஸ்டெரிக்ஸ் காமிக்ஸின் ஓவியர் உடெர்சோ. ‘உடெர்சோவே கைப்பட வரைந்தது’ என்று யாராவது விலை சொன்னால் உஷாராகிவிடுங்கள். முதல் ஆஸ்டெரிக்ஸ் படத்தை பிரஸ்ஸல்ஸ் நகரின் பெல்விஷன் ஸ்டூடியோ 1967-இல் முடித்தது, உடெர்சோவுக்கும் கதாசிரியர் கோசினிக்கும் தெரியாமலே! வரைந்தவர்கள் ஸ்டூடியோ ஓவியர்கள். அவர்கள் கோடு மட்டமல்ல. ஆனால் கொடுக்கும் விலை அவர்கள் கோட்டுக்குத்தான்.

திரையில் ஒரு நொடிக்கு 24 பிரேம். பெரும்பாலும் ஒரு தாளை இரண்டு பிரேமுக்குப் பிடிப்பார்கள். அப்படியே கணக்கிட்டாலும் 70 நிமிடப் படத்துக்கு ஐம்பதாயிரம் தாள் வந்துவிடும். ஆகவே ‘அபூர்வம்’ என்ற பேச்சை நம்பாமல், எந்தத் தாள் என்று பாருங்கள்.

கீழ் மூலையிலோ மேல் மூலையிலோ ஓர் எண் இருக்கும். 37, 39, 41 என்று ஒற்றைப்படையாகப் போனால் இரண்டிரண்டு பிரேம் கணக்கு. எண்ணைச் சுற்றி வட்டமிருந்தால் பொதுவாக அது கீ டிராயிங், அசைவின் முக்கிய நிலை. அதன் ஓரத்தில் ஏணிபோல் ஒரு கோடும் குறுக்குக் கீற்றுகளும் இருக்கலாம். அடுத்த கீ டிராயிங்கின் எண் 45 என்றால், கீற்றுகள் அந்த 45-ஐ நெருங்கி அடர்ந்தால், கை அங்கே மெல்ல வந்து நிற்கிறது என்று பொருள். இடைப்பட்ட தாள்களை உதவியாளர்கள் வரைந்தார்கள். முகம் முழுதாக, கண் திறந்து இருக்கும் கீ டிராயிங்குக்கே நான் பணம் போடச் சொல்வேன்.

போலியைப் பிடிக்க, படத்தை அந்தக் காட்சியில் நிறுத்தி ஒப்பிடுங்கள். திரையைப் பார்த்து நகலெடுத்தவன் திரைச் சட்டத்தின் விளிம்போடு கோட்டை நிறுத்திவிடுவான். அசல் தாளில் காலோ வாளோ விளிம்பைத் தாண்டியும் ஓடலாம். ஆஸ்டெரிக்ஸின் குண்டுத் தோழன் ஒபெலிக்ஸ் மறைத்த தோளும் வரையப்பட்டிருக்கலாம். கறுப்பு பென்சிலுக்கு அடியில் நீலத்திலோ சிவப்பிலோ உருண்டைக் கோடுகள் தெரிந்தால் நல்ல அறிகுறி. தாளை நிலைநிறுத்தும் பெக் துளைகளின் ஓரம் தேய்ந்திருக்கலாம். மாடல் ஷீட் (பாத்திரத்தின் உருவத்தைக் காட்டும் மாதிரித் தாள்) என்று வருபவற்றில் பல, ஸ்டூடியோவுக்குள் சுற்றிய அச்சுப் பிரதிகள்தான்.

செல் எனப்படும் வண்ணத் தாள் வேறு சங்கதி. ஒளி ஊடுருவும் அசிடேட்டில் பின்புறம் வண்ணம் பூசியிருக்கும். பட்டுத்திரை அச்சில் கடைக்கென்று தயாரித்த செரிசெல், கேமராவுக்கு அடியில் போனதே இல்லை. அசிடேட் கெடத் தொடங்கினால் வினிகர் வாடை வரும். அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவாக்கி, அடுத்த செல்லுக்கும் பரவும். உடனே தனியே எடுத்து வையுங்கள்.

காற்றுப் புகாத உறையில் செல்லை அடைக்காதீர்கள். பி.வி.சி. உறை, லேமினேஷன் இரண்டும் வேண்டாம். ஈரப்பதம் ஏறினால் வண்ணம் பிசுபிசுத்துத் தாளோடு ஒட்டும், மிகக் காய்ந்தால் பாளம் பாளமாக உரியும். 50 சதவீதத்தை ஒட்டி நிலையாக இருப்பது நல்லது. மழைக்காலத்தில் நம் கடற்கரை ஊர்களில் இதற்கே பாடு. ஒட்டிக்கொண்டதைப் பிடித்து இழுத்தால் வண்ணம் தாளோடு போய்விடும். அப்படியே கிடைமட்டமாக வைத்து, பழைய ஓவியங்களைப் பாதுகாக்கும் நிபுணரிடம் கொடுங்கள்.