எலிக்காய்ச்சலும் சிறுநீரகமும்

நேயர்களுக்கு வணக்கம். பெரும்போக மழையுடன் வயல் வேலைகள் மும்முரமாகியிருக்கும் இவ்வேளையில், சாதாரணக் காய்ச்சலைப்போல் தொடங்கிச் சில நாட்களிலேயே சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடிய எலிக்காய்ச்சலைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இலங்கைக்கு இது புதிய நோயன்று. 2008ஆம் ஆண்டில் மட்டும் 7,000க்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் இருக்கலாம் எனப் பதிவாகியது. 2024 டிசம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்தில், கடும் மழையை அடுத்து, இன்னதென்று தெரியாத காய்ச்சலாக முதலில் பேசப்பட்டுச் சிலரின் உயிரைப் பறித்ததும் எலிக்காய்ச்சலே.

சிறுநீரகப் பாதிப்பு என்றதும் வடமத்திய மாகாண விவசாயிகளை வாட்டும் நாட்பட்ட சிறுநீரக நோயே பலருக்கு நினைவுக்கு வரும். அது ஆண்டுக்கணக்கில் சிறுநீரகத்தை அரித்து, இழந்ததை மீட்கமுடியாத நிலைக்குக் கொண்டு செல்வது. எலிக்காய்ச்சலில் வருவதோ திடீர்ப் பாதிப்பு; காலந்தாழ்த்தாது சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலானோரின் சிறுநீரகம் பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

இந்நோயை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா என்னும் சுருள்வடிவ பக்டீரியா, எலியின் சிறுநீரக நுண்குழாய்களில் அந்த எலிக்கு எத்தீங்கும் செய்யாமல் மாதக்கணக்கில் தங்கியிருந்து, அதன் சிறுநீருடன் வெளியேறி, வயற்சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிர்வாழக்கூடியது. மாடு, எருமை, நாய் ஆகியவையும் இதைப் பரப்பலாம். காலிலுள்ள வெடிப்பு, சேற்றுப்புண், கண், வாய் வழியாக உடலுக்குள் நுழையும் கிருமி, பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் காய்ச்சலாக வெளிப்படுகிறது.

மனிதச் சிறுநீரகத்திலும் அது நாடுவது அதே நுண்குழாய்களைத்தான். ஆனால் இங்கே அழற்சி உண்டாகி, சோடியத்தையும் நீரையும் மீள உறிஞ்சும் ஆற்றல் குன்றுகிறது. அவற்றுடன் பொட்டாசியமும் சிறுநீரில் வெளியேறிவிடுவதால், பொதுவாகச் சிறுநீரகச் செயலிழப்பில் குருதியில் பொட்டாசியம் உயர்வதற்கு மாறாக, எலிக்காய்ச்சலின் ஆரம்பக் கட்டத்தில் அது குறைந்தே காணப்படுவதுண்டு. சிறுநீரும் வழமைபோல் போய்க்கொண்டிருக்கலாம். இதுதான் ஏமாற்றுகிறது. "சலம் ஒழுங்காப் போகுது டொக்டர்" என்று சொல்பவரின் கண்கள் சிவந்திருக்கும். கெண்டைக்காலை மெல்ல அழுத்தினாலே முகத்தைச் சுளிப்பார். குருதி அறிக்கையிலோ, சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவுப்பொருளான கிரியேற்றினின் பல மடங்கு உயர்ந்திருக்கும். வாந்தியும் குருதியழுத்த வீழ்ச்சியும் சேர்ந்தால், சிறுநீர் முற்றாகவே நின்றுபோக அதிக நேரம் எடுக்காது.

உடம்பு உளைவுக்காகக் கடையில் வாங்கி விழுங்கப்படும் டைக்குளோபெனக், இபுபுரூஃபன் போன்ற வலிநிவாரணிகள் ஏற்கெனவே தடுமாறும் சிறுநீரகத்துக்கான குருதியோட்டத்தை மேலும் குறைத்துவிடுகின்றன. காய்ச்சலுக்கு உரிய அளவில் பரசிற்றமோல் போதும். வைத்தியரிடம் செல்லும்போது, அவர் கேட்காவிட்டாலும், வயலில் இறங்கியதையோ வெள்ளநீரில் நடந்ததையோ கட்டாயம் சொல்லுங்கள். நோயெதிர்ப்புப் பொருளைத் தேடும் குருதிப் பரிசோதனை முதல் சில நாட்களில் நோயைக் காட்டாமற் போகலாம் என்பதால், சந்தேகத்தின் பேரிலேயே பெனிசிலின், டொக்சிசைக்கிளின் போன்ற மருந்துகள் தொடங்கப்பட வேண்டியிருக்கிறது. அந்தச் சந்தேகத்துக்கு உங்கள் ஒரு சொல்லே ஆதாரம்.

பாதிப்பு முற்றியவர்களுக்குக் குருதிச் சுத்திகரிப்புத் தேவைப்படலாம். அதைக் கேட்டதும் உறவினர்கள் மனமுடைந்துபோவதைக் காண்கிறோம். ஆனால் இந்நோயில் அது பெரும்பாலும் சிறுநீரகம் விழித்தெழும்வரை தரப்படும் தற்காலிகத் துணையே.

வயலில் இறங்க முன்னரே, உங்கள் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையையோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரையோ அணுகினால், தகுதியானவர்களுக்கு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் வழங்கப்படும். கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் இதை எடுக்கலாகாது. சாப்பிட்ட பின், நிறையத் தண்ணீருடன் விழுங்குங்கள். விழுங்கியவுடன் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். மருந்தை எடுத்தவருக்கும் காய்ச்சல் வரலாம். வந்தால் அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.