சிஸ்டரின் முதுகு

நேயர்களுக்கு வணக்கம். மருத்துவமனைச் செவிலியர்களுக்கு வேலையால் வரும் தசை வலி, மூட்டு வலி பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நான் பிசியோதெரபிஸ்ட். வலியோடு வரும் எல்லோரும் ஓ.பி. சீட்டு போட்டுக்கொண்டு வரிசையில் உட்காருவார்கள். செவிலியர்கள் அப்படி வருவதில்லை. டூட்டி உடையிலேயே, கிடைத்த சின்ன இடைவெளியில், "மேடம், ஒரு நிமிஷம்" என்று கதவோரம் நின்றபடி கேட்பார்கள். சிலருக்கு இடுப்பு, சிலருக்குத் தோள்பட்டை, சிலருக்குக் கழுத்து, குதிகால். காரணத்தையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்: "சிசேரியனுக்கு முதுகுல ஊசி போட்டாங்க மேடம், அதுல இருந்துதான்."

அந்த ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். வருஷக்கணக்கில் நீடிக்கும் இடுப்பு வலிக்கு அதுதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஊசி மேல் பழியைப் போடும்போது, தினமும் தூக்குகிற எடை யார் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது. அதனால் எடையிலிருந்தே தொடங்குகிறேன்.

அமெரிக்காவில் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கென்று நியோஷ் என்ற அரசு நிறுவனம் இருக்கிறது. அங்கே பணியாற்றிய தாமஸ் வாட்டர்ஸ், நோயாளியைத் தூக்கும்போது ஒருவர் கையில் எவ்வளவு எடை வரலாம் என்று கணக்கிட்டு 2007இல் வெளியிட்டார். 35 பவுண்டு, நம் கணக்கில் சுமார் 16 கிலோ. அதுவும் நோயாளி ஒத்துழைக்க வேண்டும், கையை எட்டி நீட்டக் கூடாது, குனியக் கூடாது. இத்தனையும் சரியாக இருந்தால்தான் 16 கிலோ.

இப்போது சர்ஜரி வார்டுக்கு வாருங்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் புண் வந்தவருக்கு டிரெஸ்ஸிங் நடக்கிறது. 90 கிலோ எடையுள்ளவர். மனிதனின் ஒரு காலின் எடை, மொத்த உடல் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. அப்படியானால் அந்தக் கால் மட்டும் 15 கிலோ. ஒரு சிஸ்டர் புண்ணைச் சுத்தம் செய்கிறார். பயிற்சிக்கு வந்த மாணவி காலைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். கட்டில் தாழ்வு, அதனால் இடுப்பு வளைந்திருக்கிறது. கை உடம்பை விட்டு முன்னால் நீண்டிருக்கிறது. "ஆடாம பிடிம்மா" என்கிறார் சிஸ்டர். பழைய கட்டைப் பிரித்து, ஒட்டிய பஞ்சை நனைத்து எடுத்து, கழுவி, மருந்து வைத்துப் புதுக் கட்டு சுற்றி முடிக்கும்வரை அந்தப் பெண் அசையாமல் நிற்க வேண்டும். "ஒரு காலைத்தானே பிடிச்சா?" என்று கேட்பவர்கள் உண்டு. பிடித்தவளின் இடுப்பைக் கேட்டால் தெரியும்.

உள்ளே என்ன நடக்கிறது? ஸ்வீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன், முதுகெலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க்கில், அதாவது நாம் ஜவ்வு என்று சொல்வதில், ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிற்கும்போது 100 என்று வைத்துக்கொண்டால், மல்லாந்து படுக்கும்போது 25. கையில் எடையோடு முன்னால் குனியும்போது 220. இந்த நிலை ஒரு ஷிப்டில் எத்தனை தடவை வருகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

"முதுகை நேரா வை, முழங்காலை மடக்கு" என்று நர்சிங் முதல் வருஷத்திலேயே சொல்லித் தருகிறார்கள். தப்பில்லை. ஆனால் அது தரையில் கிடக்கும் அரிசி மூட்டைக்குப் பொருந்தும். மூட்டையை நெஞ்சோடு அணைத்துத் தூக்கலாம். நோயாளி கட்டிலின் நடுவில் கிடக்கிறார். முழங்காலை மடக்கினால் கட்டில் சட்டத்தில் இடிக்கும். எட்டித்தான் பிடிக்க வேண்டும். தூக்கும் முறையைக் கற்றுக்கொடுப்பதால் மட்டும் முதுகு வலி குறைகிறதா என்று பார்த்த ஆய்வுகளைச் சேர்த்துப் பரிசீலித்தபோது, குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆகவே, தூக்கத் தெரியாததால்தான் வலி வந்தது என்று ஒரு செவிலியரைப் பார்த்துச் சொல்வது அநியாயம் என்பேன். மாற வேண்டியது வார்டு.

படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தடவை நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலை அது. இரவு டூட்டியில் ஆயாம்மா, நோயாளியிடம் எடுத்த ரத்த மாதிரியை லேப்பில் கொடுக்கப் போயிருப்பார். இருக்கிற ஒரே சிஸ்டர் எவ்வளவு நேரம் காத்திருப்பார்? தனியாகவே புரட்டிவிடுவார். இடுப்பு பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில், மருத்துவமனைகள் நோயாளியைத் தூக்கக் கருவியும் பயிற்சி பெற்ற ஆட்களும் வைத்திருக்க வேண்டும் என்ற சட்டம் 2012 முதல் நடைமுறையில் இருக்கிறது. இங்கே எல்லா வார்டுக்கும் தூக்கும் இயந்திரம் உடனே வராது, சரி. வழவழப்பான நைலான் துணியில் தைத்த சறுக்கு விரிப்பு வாங்கலாமே? நோயாளியைத் தூக்காமல் அதன்மேல் நகர்த்தலாம். ரெக்ஸின் விரிப்பு உடம்போடு ஒட்டிக்கொண்டு, இழுக்க வேண்டிய பலத்தைக் கூட்டுகிறது. டிராலிச் சக்கரத்துக்கு எண்ணெய், கட்டிலை ஏற்றி இறக்க அதன் காலடியில் இருக்கும், இறுகிப்போன கைப்பிடிக்குக் கொஞ்சம் கிரீஸ். இதற்கு எந்த டெண்டரும் வேண்டாம்.

பதிவேடு பற்றியும் சொல்ல வேண்டும். நோயாளிக்குப் போட்ட ஊசி நம் கையில் குத்திவிட்டால் பதிவேட்டில் எழுதுகிறோம், பரிசோதனை செய்கிறோம். இடுப்பு பிடித்தால் யாரும் எழுதுவதில்லை. உடன் வேலை பார்ப்பவர் டைக்ளோ என்ற வலி ஊசி ஒன்றைப் போட்டுவிடுகிறார், வலி வந்தவர் அதோடு அடுத்த பெட்டுக்குப் போய்விடுகிறார். ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு, வலி என்று சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம் வேறு. அடிக்கடி போடும் அந்த மருந்து வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்று அவர்களுக்குத் தெரியாததா? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய தொழில் நோய்ப் பட்டியலில் தசை, மூட்டு நோய்களுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. மணிக்கட்டில் கட்டை விரல் பக்கம் வரும் தசைநாண் வீக்கம் அதில் பெயர் சொல்லியே இருக்கிறது. ஓயாமல் ஆம்பூல் என்ற கண்ணாடி மருந்துக் குப்பியை உடைத்து, பி.பி. பார்க்கும் ரப்பர் பல்பை அமுக்கும் கைக்கு வருகிற அதே வலிதான். வெட்கப்பட ஒன்றுமில்லை. எழுதி வையுங்கள், தலைமைச் செவிலியரான மேட்ரனிடம் கையெழுத்து வாங்குங்கள்.

காலை ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. இரவு படுத்திருக்கும்போது டிஸ்க் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் குனிந்து குடம் தூக்குவது, ஈரத்துணி அலசுவது வேண்டாம். அடுப்பு வேலையை முதலில் பாருங்கள், குடத்தை வீட்டில் வேறு யாராவது தூக்கட்டும். இடுப்பு பிடித்துவிட்டால் நாள்கணக்கில் படுத்தே கிடக்காதீர்கள், முடிந்தவரை நடமாடுங்கள். ஆனால் உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ, பாதம் தூக்க வராமல் தொங்கினாலோ அன்றைக்கே எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள்.

நோயாளிக்குத் துணையாக இருக்கும் உறவினர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. பெட்டில் கீழே சரிந்துவிட்டவரை மேலே நகர்த்த வேண்டுமென்றால் அக்குளில் கைகொடுத்து இழுக்காதீர்கள். பக்கவாதம் வந்தவருக்குத் தோள் மூட்டே நழுவிவிடலாம். தலைப்பக்கம் உயர்ந்திருந்தால், தாழ்த்தலாமா என்று சிஸ்டரைக் கேட்டு, முதலில் அதைத் தாழ்த்துங்கள். டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை, இரண்டு முழங்காலையும் மடக்கிப் பாதத்தை மெத்தையில் ஊன்றச் சொல்லுங்கள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றதும் அவரே குதிகாலை அழுத்தி இடுப்பைத் தூக்கட்டும். அந்த நேரம் பார்த்து, ஆளுக்கொரு பக்கமாக, சிஸ்டரும் நீங்களும் விரிப்போடு சேர்த்து மேலே நகர்த்துங்கள்.